நண்பர்களோடு நீரில் ஒரு வாரஇறுதி: வன்னியிலிருந்து எந்தத் துறைக்குப் போவது?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் ஐந்தாறு பேர், ஒரு சனி ஞாயிறைப் படகில் கழிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டு, எங்கே போவது என்ற கேள்வியில் வாரக்கணக்காக நின்றுவிடுகிறார்கள். ஒருவர் திருகோணமலைத் துறைமுகம் என்கிறார். முல்லைத்தீவுக் கடல் பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்கிறார் மற்றவர். வீட்டில் அம்மாவையும் கூட்டிவர நினைப்பவர் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகலாம் என்கிறார். விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டு நண்பர், சிட்னியிலும் ரொறன்ரோவிலும் நகரத் துறைமுகத்துக்குள்ளேயே சனிக்கிழமை தோறும் பாய்ப்படகு ஓட்டுகிறார்கள், அதை இங்கே செய்ய முடியாதா என்று கேட்கிறார். கடைசியில் ஒருவர், எல்லோரும் காசு போட்டு ஒரு படகையே வாங்கிவிடலாம் என்று முடிக்கப் பார்க்கிறார்.

இந்த ஐந்தும் ஒரே வகையான இன்பத்துக்கான ஐந்து வழிகள் அல்ல. காற்று வேறு, நீர் வேறு, செலவு விழும் இடமும் வேறு. ஆகவே இடங்களை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களை ஒப்புக்கொள்வது அவசியம்.

## எதைக் கொண்டு அளப்பது

முதலாவதும் மற்ற எல்லாவற்றிலும் கனமானதுமான கேள்வி இதுதான்: படகின் எஞ்சின் நின்றுபோனால், அல்லது பாயை அடக்கத் தெரியாமல் போனால், காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவருமா, கரையைவிட்டுக் கொண்டுபோகுமா? நாம் வழக்கமாகக் கரையில் நின்றுகொண்டு கடல் அமைதியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். நமது கிழக்குக் கரையில் அந்தப் பார்வை ஏமாற்றும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அது அலையை எழுப்புவதற்கு இடமில்லாத கரையோரத்தில் நீர் தட்டையாகக் கிடக்கும். அரைக் கிலோமீற்றர் வெளியே போனதும் அதே காற்று படகைத் திறந்த வங்கக் கடலை நோக்கித் தள்ளத் தொடங்கும். வாடைக்காற்றுக் காலத்திலோ கடல் தன் சீற்றத்தைக் கரையிலேயே காட்டிவிடுவதால் யாரும் போகமாட்டார்கள். ஆகவே புதியவர்களுக்கு ஆபத்தான நாள்கள் பெரும்பாலும் அழகான நாள்கள்தான்.

இரண்டாவது, படகில் யார் இருக்கப்போகிறார்கள் என்பது. குழுவில் நன்றாக நீந்தத் தெரிந்தவரைக் கொண்டு இடத்தைத் தெரிவு செய்கிறோம். நீந்தவே தெரியாதவரைக் கொண்டு தெரிவு செய்ய வேண்டும். வன்னியில் குளத்தில் நீந்திப் பழகியவர்கள் பலர் உண்டு, ஆனால் குளத்து நீச்சல் அலையிலும் நீரோட்டத்திலும் அப்படியே கைகொடுக்காது. இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் போருக்கிடையே கிளாலிக் கடனீரேரியை இரவில் விளக்கில்லாமல் வள்ளத்தில் கடந்தவர்கள் இன்றும் நம் நண்பர் வட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களது மடியில் குழந்தைகளாக இருந்து கடந்தவர்களுக்கும் சிறிய படகு என்பது முதலில் பயத்தின் நினைவு. "ஒன்றும் ஆகாது, ஏறு" என்று வற்புறுத்தாமல், அவர்கள் விரும்பும்போது இறங்கக்கூடிய இடத்தைத் தெரிவு செய்வது நட்பின் கடமை.

மூன்றாவது, பேச முடியுமா? கூடிப் பேசத்தானே போகிறோம். நாற்பது குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் ஓடும் படகில் ஆறு பேர் இருந்தாலும் அவர்கள் ஆறு தனியாட்கள்தான். நான்காவது மாதம். ஐந்தாவது செலவு, அதிலும் விலைப்பட்டியலில் தெரியாத செலவு.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்கள் கீழுள்ள அட்டவணையை மட்டும் பார்க்கலாம். ஆனால் காரணங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

| தெரிவு | ஏற்ற காலம் | காற்று எங்கே தள்ளும் | பேச வசதி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| திருகோணமலை உட்துறைமுகம், ஓட்டியுடன் எஞ்சின் படகு | ஏப்ரல் – செப்ரெம்பர் | பெரும்பாலும் ஏதோவொரு கரைக்கு | எஞ்சினை நிறுத்தினால் மிக நன்று | இரவுத் தங்கல், வான் |
| அங்கேயே பாய்ப்படகு | அதே காலம், காலை வேளை | அதேபோல் | மிக நன்று, ஆனால் ஓரிருவருக்கே இடம் | பழகும் காலம் |
| முல்லைத்தீவுக் கரை | ஏப்ரல் – செப்ரெம்பர், கரையோரம் மட்டும் | கச்சானில் வெளிக்கடலுக்கு | கரையில் நன்று, படகில் குறைவு | பயணிகளுக்கான படகு இல்லாமை |
| குறிகட்டுவான் பயணிகள் படகு | பெப்ரவரி – ஏப்ரல் | பெரிய படகு என்பதால் கவலை குறைவு | நடுத்தரம் | கடைசிப் படகைத் தவறவிடுதல் |
| கூட்டாகச் சொந்தப் படகு | எங்கே கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது | அதேபோல் | உங்கள் கையில் | பராமரிப்பு, காவல், மனக்கசப்பு |

## திருகோணமலை உட்துறைமுகம்: ஓட்டியுடன் ஒரு படகு

உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்த இடம் இது. நமக்குப் பயன்படுவது அதன் ஆழத்தைவிட அதன் வடிவம். கொட்டியாரக்குடாவிலிருந்து ஒடுங்கிய வாயில் வழியாக உள்ளே நுழைந்தால், குன்றுகளும் காடும் நாலா பக்கமும் வளைத்த நீர்ப்பரப்பு விரிகிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஒரு கரையில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். வங்கக் கடலின் பேரலை உள்ளே வருவதில்லை. நீர்மட்டம் ஏறி இறங்குவதும் ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடுவதால், படிக்கட்டில் இறங்கி ஏறுவது முதியவர்களுக்கும் சிரமமாக இருப்பதில்லை. மேலே சொன்ன முதல் அளவுகோலில் வன்னிக்கு எட்டும் தூரத்தில் இதற்கு நிகரான இடம் வேறு இல்லை என்பதே என் தீர்மானம்.

எல்லைகளும் உண்டு. துறைமுகத்தின் ஒரு பெரும்பகுதி கடற்படைத் தளம். பிரித்தானியர் காலத்திலும் அப்படித்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதும் அதனால்தான். தளத்தின் கரைக்கு அருகே போகவோ, துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவில் நினைத்தபடி இறங்கவோ முடியாது. எங்கே போகலாம், எங்கே படம் எடுக்கக்கூடாது என்பது உள்ளூர் ஓட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டியில்லாமல் படகை மட்டும் கேட்டுப் பெறுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்காததற்கு இது முதற்காரணம். இரண்டாவது காரணம் கப்பல்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருப்பதால் பெரிய கப்பல்கள் வந்துபோகின்றன. அவற்றால் சட்டென நிற்கவோ திரும்பவோ முடியாது. கப்பல் கடந்து சில நிமிடங்கள் கழித்து அதன் அலை வந்து அடிக்கும்போதுதான் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பவர் நீரில் விழுவார்.

ஆழமும் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. படகு நகராமல் நிற்க வேண்டுமானால் நீரின் ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு கயிறு நங்கூரத்துக்கு வேண்டும். சிறிய படகில் அவ்வளவு கயிறு இருக்காது. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் பேசியிருக்க விரும்புபவர்கள், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த ஒரு வளைவில் நிறுத்தும்படி புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உயிர். எஞ்சின் அடங்கி, கடற்கழுகு ஒன்று மேலே வட்டமிட, கொண்டுபோன இடியப்பமும் சம்பலும் கைமாறும்போது, அலுவலகத்தில் ஒரு வருடம் பக்கத்தில் இருந்தும் பேசாதவற்றை மனிதர்கள் பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

கோணேசர் ஆலயத்தின் செங்குத்துப் பாறையைக் கடலிலிருந்து பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காட்சி உட்துறைமுகத்திலிருந்து கிடைப்பதில்லை. அது நகரத்துக்கு மறுபக்கத்தில், திறந்த கடலில் இருக்கிறது. உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போகும் படகுகளும் அந்தத் திறந்த கடலில்தான் ஓடுகின்றன. அவை நல்ல பயணங்கள், ஆனால் வேறு பயணங்கள். நீந்தத் தெரியாதவரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியிருப்பதற்கானவை அல்ல.

செலவைப் பார்ப்போம். படகு வாடகையைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது மொத்தச் செலவில் சிறிய பங்காகவே முடியும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 100 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து வருபவர்களுக்கு வவுனியா வரையான 75 கிலோமீற்றர் கூடுதல். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க் களப்பைச் சுற்றிப் புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கரையோரமாகவும் வரலாம். காலை ஆறரைக்குப் படகேற வேண்டுமானால் முதல்நாள் இரவே அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பின் வெயில் படகில் இருக்கவிடாது. ஆகவே அறை வாடகை, வான் சாரதியின் தங்கல், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேரும். ஹொரவப்பொத்தானைப் பாதையில் இரவில் யானைகள் குறுக்கிடும் என்பதால், காசை மிச்சம் பிடிக்க ஞாயிறு இரவே ஓடித் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? இரண்டு நாள் ஒதுக்கக்கூடிய, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட, எல்லோரும் நீந்தத் தெரிந்தவர்களாக இல்லாத, கூடிப் பேசுவதையே முதன்மையாகக் கருதும் குழுவுக்கு. பெண்களும் வரும் குழுவென்றால், படகில் கழிவறை இல்லை என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரைதொடும்படி பயணத்தை வகுக்க வேண்டும். இதை யாரும் வெளிப்படையாகக் கேட்கமாட்டார்கள். அதனாலேயே பலர் ஏதோ காரணம் சொல்லி வராமல் நின்றுவிடுகிறார்கள்.

## அதே துறைமுகத்தில் பாய்ப்படகு

வெளிநாட்டு நண்பரின் கேள்வி நியாயமானது. இந்தத் துறைமுகம் பாய்க்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பாய்ப்படகு தருவது போன்ற அமைதியை எஞ்சின் படகு தராது. நீர் படகின் பக்கத்தில் உரசும் ஒலியைத் தவிர வேறொன்றும் இல்லை, மண்ணெண்ணெய் மணமும் இல்லை. நமது கரைகளுக்கு இது அந்நியமான கலையும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. வெளியிணைப்பு எஞ்சின் வந்து ஓரிரு தலைமுறைக்குள் பாய் கட்டத் தெரிந்தவர்கள் கரையோரக் கிராமங்களிலேயே அருகிப்போனார்கள். அதை மீண்டும் கற்க ஒருவர் விரும்பினால் நான் முழுமனதோடு வரவேற்பேன்.

ஆனால் ஒரு நண்பர் குழுவின் வாரஇறுதியாக அதைத் தெரிவு செய்வதற்குமுன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிராக ஓடாது. காற்று வரும் திசைக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் ஒரு பக்கமும், பிறகு மறுபக்கமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். போகும்போது இருபது நிமிடம் எடுத்த தூரத்துக்குத் திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். காற்று விழுந்துவிட்டால் துடுப்புத்தான். குன்றுகள் சூழ்ந்த துறைமுகத்தில் காற்று ஒரே சீராக வராமல், இடைவெளிகளினூடாகத் திடீரென்று வீசி அடங்கும். பாயின் அடிக்கட்டை மறுபக்கம் திரும்பும்போது குனியாதவரின் தலையில் அடிக்கும். பழகும் காலத்தில் சிறிய பாய்ப்படகு கவிழ்வது விபத்தல்ல, பாடத்தின் ஒரு பகுதி. இவற்றையெல்லாம் ஏற்கக்கூடியவருக்குத்தான் இது இன்பம்.

பெரிய தடை இடம். பழகுவதற்கேற்ற சிறிய பாய்ப்படகுகளில் இருவர்தான் இருக்க முடியும். ஆறு நண்பர்கள் போனால் இருவர் நீரில், நால்வர் கரையில். ஆறு பேரை ஏற்றும், எளிதில் கவிழாதபடி அடியில் கனம் வைத்த பாய்ப்படகுகள் வாடகைக்குக் கிடைப்பது இங்கே அரிது; உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் கேட்டுப் பார்த்தாலும் பெரும்பாலும் சிறியவைதான் இருக்கும். வெளிநாட்டுத் துறைமுகங்களில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் கடலின் அழகு மட்டுமன்று. படகைக் கூட்டாகப் பேணும் கழகங்கள், பயிற்றுவிப்பவர்கள், விபத்து நேர்ந்தால் விரைந்துவரும் மீட்புப் படகு, சனிக்கிழமை ஓட்டத்துக்குப்பின் ஒன்றாக உண்ணும் கூடம் ஆகியவையும்தான். நம் நாட்டில் அத்தகைய கழக வாழ்க்கை கொழும்புத் துறைமுகத்தையும் போல்கொட ஏரியையும் சுற்றியே வளர்ந்திருக்கிறது. உண்மையிலேயே ஆர்வமுள்ள இருவர் அங்கே சென்று முறையாகக் கற்றுவந்து, பிறகு மற்றவர்களுக்குத் துணையாக இருப்பதே சரியான ஒழுங்கு.

இதுதான் வேண்டுமென்று நிற்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. ஓட்டியுடன் எஞ்சின் படகு ஒன்றை எடுத்து, அதையே கூடுமிடமாகவும் மீட்புப் படகாகவும் வைத்துக்கொண்டு, ஒரு சிறிய பாய்ப்படகில் இருவர் இருவராக மாறி மாறிப் போகலாம். முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 20 கிலோமீற்றருக்குள் இருந்தால் புதியவர்களுக்குப் போதுமானது. 30ஐத் தாண்டினால் பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

## முல்லைத்தீவுக் கடலும் களப்புகளும்

அருகில் இருப்பதே இதன் பெரும் பலம். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். அறை வாடகை இல்லை. கரையில் வாடிகளில் அன்றைய மீனை வாங்கி அங்கேயே சமைப்பித்து உண்ணும் சுகம் எந்தத் துறைமுகத்திலும் கிடைக்காது. தெரிந்த சம்மாட்டி (கரைவலை உரிமையாளர்) ஒருவர் இருந்து, கரைவலை இழுக்கும் நேரத்துக்குப் போக முடிந்தால், அது கூடியிருப்பதற்கு மிக நல்ல நாள்.

ஆனால் படகுக்கு இது துறைமுகம் அல்ல, திறந்த கரை. அலை உடையும் இடத்தினூடாகத்தான் படகைத் தள்ளி ஏற வேண்டும். கிடைப்பவை மீன்பிடிப் படகுகள். அவை வலைக்கும் இரண்டு மூன்று தொழிலாளருக்கும் அமைந்தவை, எட்டுப் பயணிகளுக்கல்ல. கச்சான் காலத்தில் காற்று எங்கே தள்ளும் என்பதை முன்பே சொன்னேன். வாரஇறுதியில் வந்து இந்தக் கடலில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் ஒவ்வொரு வருடமும் போல வாசிக்கிறோம். அவர்கள் பயமறியாதவர்கள் என்பதால் மட்டும் அப்படி நேரவில்லை. கரையருகே தட்டையாகத் தெரியும் நீர் அவர்களை அழைக்கிறது.

நந்திக்கடல் ஆழம் குறைந்த, அலையில்லாத நீர். அளவுகோல்களின்படி மட்டும் பார்த்தால் சிறு படகுக்கு ஏற்றது என்று தோன்றும். அங்கே இறால் பிடிப்பவர்களின் வலைகளும் கம்புகளும் நிறைய உண்டு. 2017 முதல் அது இயற்கை ஒதுக்கிடமாகவும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2009இல் அந்தக் கரையிலும் அந்த நீரிலும் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கூடி அழுகிறார்கள். பாட்டும் சிரிப்புமாகப் படகில் சுற்றுவதற்கு அந்த நீரைத் தெரிவு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பும் என்பவர்களும் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆக, ஒரு நாள் மட்டுமே இருப்பவர்களுக்கும், படகைவிடக் கரைச் சாப்பாட்டையும் பேச்சையும் விரும்புபவர்களுக்கும் முல்லைத்தீவு நல்லது. படகுதான் முதன்மை என்றால் நல்லதல்ல.

மன்னாரையும் இரணைமடுவையும் சிலர் இந்த இடத்தில் நினைவூட்டுவார்கள். மன்னாரில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்கள், பட்டத்தால் இழுபட்டு நீரில் பலகையில் சறுக்கி விளையாடுபவர்களுக்கு உகந்தவை. கூடியிருந்து பேச வருபவர்களுக்கு அந்தக் காற்றே இடையூறு. இரணைமடு நீர்ப்பாசனக் குளம். மாரிக்குப் பின் அதன் அணைக்கட்டில் நடந்து மாலை நேரத்தைக் கழிக்கலாம், படகுப் பொழுதுபோக்குக்கான ஏற்பாட்டை அங்கே எதிர்பார்க்கக்கூடாது.

## குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகு

அம்மா, மாமி, சிறு பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். நயினாதீவுக்கு ஏறத்தாழ கால் மணி நேரப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அளவில். படகு பெரியது, ஓட்டுபவர்கள் அன்றாடம் அதே வழியில் ஓடுபவர்கள், கட்டணம் மற்ற எல்லாத் தெரிவுகளையும்விடக் குறைவு. நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு, அன்னதானத்தில் உண்டு, மாலைக்குள் யாழ்ப்பாணம் திரும்பிவிடலாம். நெடுந்தீவென்றால் முருகைக்கல் வேலிகள், பெருக்கு மரம், கோட்டையின் இடிபாடு, திறந்த வெளியில் திரியும் குதிரைகள் என்று ஒரு பகலுக்குப் போதுமானவை இருக்கின்றன.

இங்கே நீர்ப்பயணம் ஒரு வழி மட்டும்தான், கூடுமிடம் அல்ல. படகில் உட்காரும் இடம் உங்கள் கையில் இல்லை. ஆறு பேர் ஆறு மூலையில் அமர நேரலாம். ஆனி மாத நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் வரிசையில் நிற்பதிலேயே பகலின் பாதி போய்விடும். நெடுந்தீவுக் கடல் வாடையிலும் சோளகத்திலும் கொந்தளிக்கும்; குமட்டல் வரும் ஒருவரால் குழு முழுவதன் நாளும் சுருங்கும். கடைசிப் படகைத் தவறவிட்டால், அல்லது கடல் சீற்றத்தால் படகு நிறுத்தப்பட்டால், திட்டமிடாத இரவுத் தங்கலும் திங்கட்கிழமை விடுப்பும் கணக்கில் ஏறும். ஆகவே நெடுந்தீவைச் சனிக்கிழமையில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம்.

## கூட்டாக ஒரு படகை வாங்குவது

முதல் மாதத்தில் மலிவாகவும் மூன்றாம் வருடத்தில் மிகச் செலவாகவும் தெரியும் தெரிவு இது. பழைய ஃபைபர் படகு ஒன்றையும் வெளியிணைப்பு எஞ்சினையும் எட்டுப் பேர் பகிர்ந்து வாங்கினால் ஒவ்வொருவரின் பங்கும் கட்டுப்படியாகும் என்பது உண்மை. ஆனால் உப்புநீரில் ஓடிய எஞ்சினை ஒவ்வொரு முறையும் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். மாதத்தில் ஒருநாள் வந்துபோகும் உரிமையாளர்கள் அதைச் செய்வதில்லை. படகைக் கரையில் விட்டுவிட்டு எஞ்சினைக் கழற்றி யாரோ ஒருவரின் வீட்டில் பூட்டிவைக்க வேண்டும். பதிவு, காப்புறுதி, கயிறு, நங்கூரம், கரையில் பார்த்துக்கொள்பவருக்கு மாதக் கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தாழமுக்க எச்சரிக்கை வரும் நள்ளிரவில் படகை மேலே இழுத்துவைக்க ஓடுபவர் எப்போதும் ஒரே ஆளாகவே இருப்பார். அந்த ஒருவரின் மனக்கசப்புத்தான் இந்தத் தெரிவின் மிகப் பெரிய மறைமுகச் செலவு. காசால் அது தீராது. மீன்பிடிக்கெனப் பதிவான படகில் பயணிகளை ஏற்றுவது வேறு விதிகளுக்கு உட்பட்டது என்பதையும் வாங்குவதற்கு முன்பே கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

குழுவில் இருவராவது கரையிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் நிரந்தரமாக வசித்தால், அவர்களுக்குக் கடற்றொழில் பரிச்சயமும் இருந்தால், அப்போது மட்டும் யோசியுங்கள். யார் விலகினால் அவரது பங்கு எப்படித் திருப்பிக் கொடுக்கப்படும் என்பதைப் படகு வாங்கும் அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவினர்களுக்குள் என்றாலும் எழுதுங்கள்.

## எதைத் தெரிவு செய்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களைக் கடத்தும் மிதவை) கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அது திறந்த கடலில் நிகழவில்லை. அன்றாடம் மக்கள் கடந்துபோன குறுகிய களப்பு நீரில் நிகழ்ந்தது. நீர் அமைதியாக இருப்பது ஒருபோதும் போதுமான காப்பு அல்ல. ஆகவே வாடகை பேசுவதற்கு முன்பே, "அண்ணை, லைஃப் ஜக்கெட் எத்தனை இருக்கு? சின்னப் பிள்ளையளுக்குச் சரிவாற அளவும் இருக்கோ?" என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆட்களைக் குறையுங்கள், அல்லது படகை மாற்றுங்கள். அங்கியை இருக்கையின் கீழ் வைத்திருப்பதற்கும் அணிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு.

படகில் மது வேண்டாம். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இல்லை. மது வந்தால் பெண்கள் அடுத்த முறை வரமாட்டார்கள், ஓட்டியின் சொல்லுக்கு மதிப்பிருக்காது, நீரில் விழுந்தவரைத் தூக்கும் நிலையில் எவரும் இருக்கமாட்டார்கள். ரெஜிபோம் பெட்டியில் மோரும் செவ்விளநீரும் தண்ணீரும் போதும். தண்ணீரை ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். காலையில் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்தால் குமட்டல் குறையும். கைபேசியை நீர்புகாத உறையில் வைத்து, எத்தனை பேர், எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு ஏறுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளைப் பிரித்து அன்றாடம் முன்னறிவிப்புத் தருகிறது. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் போகிறவர்கள் காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரையான கடற்பரப்பையும், தீவுகளுக்குப் போகிறவர்கள் காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பையும் பார்க்க வேண்டும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை படகுத் திட்டம் எதையும் போடாமல் இருப்பதே நல்லது. மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை மாலை முன்னறிவிப்பில் எச்சரிக்கை இருந்தால், அன்றே ஓட்டியை அழைத்துப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கொடுத்த முற்பணத்தை அடுத்த முறைக்கென்று அவரிடமே விட்டுவிடுங்கள். முற்பணம் போய்விடும் என்ற எண்ணத்தில் ஏறியவர்களையும், வருமானம் போய்விடும் என்ற எண்ணத்தில் ஏற்றியவர்களையும் ஒரே நேரத்தில் கரையில் நிறுத்தக்கூடிய ஏற்பாடு அது ஒன்றுதான்.